படத்துக்கும் பாட்டுக்கும் ஒரே ரிசீவர்: எதைப் பார்த்து வாங்குவது?

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை வாட்?” அடுத்தது, “அட்மாஸ் இருக்கா?” இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்குக் கிடைக்கும் பதிலை மட்டும் நம்பி வாங்கினால் சண்டைக் காட்சியில் வீடு அதிரும். ராத்திரி சாப்பாடு முடிந்து பி. சுசீலா பாட்டு ஒன்றைக் கேட்க உட்கார்ந்தால் குரல் தட்டையாக வரும். படம், பாட்டு இரண்டுக்கும் ஒரே பெட்டி தாராளமாகப் போதும். ஆனால் அந்தப் பெட்டியைப் பாட்டை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ரிசீவர் செய்யும் வேலைகள் நான்கு. செட்-டாப் பாக்ஸ், ப்ளூ-ரே பிளேயர், கேம் கன்சோல் எல்லாவற்றையும் தன்னிடம் வாங்கிக்கொண்டு படத்தை டிவிக்கு அனுப்புவது ஒன்று. டால்பி, டிடிஎஸ் என்று சுருக்கி வந்த ஒலியை விரித்து, எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிப்பது இரண்டாவது. உங்கள் அறைக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் ஏற்றபடி அந்த ஒலியைச் சரிசெய்வது மூன்றாவது. ஸ்பீக்கரை ஓட்டும் சக்தியைக் கொடுப்பது நான்காவது.

இவற்றில் முதல் இரண்டில் பேர்பெற்ற நிறுவனங்களுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. டால்பி வகுத்த முறைப்படிதான் டெனானும் யமஹாவும் சோனியும் ஒலியைப் பிரித்தாக வேண்டும். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறப்பது, பின்னால் கதவு சாத்துவது போன்ற பிரமிப்பெல்லாம் பெரும்பாலும் இந்தப் பிரிப்பில் வருவதுதான். அதனால் படம் என்று வந்தால் கிட்டத்தட்ட எல்லா ரிசீவரும் தேறிவிடும். இரண்டு ஸ்பீக்கரில் ஒரு குரலும் ஒரு வீணையும் மட்டும் கேட்கும்போது அந்த ஜாலம் எதுவும் கைகொடுக்காது. அப்போது வேலை செய்வது மூன்றாவதும் நான்காவதும்தான். காசு அங்கே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் வாட். ஒரே பெட்டிக்கு இரண்டு எண்கள் இருக்கும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 140க்கு மேல் ஒரு எண். உள்ளே கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 80. இரண்டுமே பொய் இல்லை. அளந்த விதம் வேறு. பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் “6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 1 சேனல்” என்று இருக்கும். அதாவது மற்ற சேனல்களைச் சும்மா வைத்துவிட்டு, ஒன்றே ஒன்றில், ஒரே ஒரு சுருதியை மட்டும் கொடுத்து, ஒலி கெட்டுப்போகிற எல்லைவரை முறுக்கி அளந்தது. சில இடங்களில் 10 சதவீதம் சிதைவு வரை அனுமதித்திருப்பார்கள். அவ்வளவு சிதைந்த பாட்டை யாரும் வீட்டில் கேட்கமாட்டார்கள். சின்ன எண்ணுக்குப் பக்கத்தில் “8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 2 சேனல்” என்றும், 0.1 சதவீதத்துக்கும் குறைவான ஒரு சிதைவு அளவும் இருக்கும். நம் காது கேட்கும் முழு வீச்சிலும், இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றாக ஓடும்போது கிடைக்கும் சக்தி அது. இரண்டு ரிசீவர்களை ஒப்பிட வேண்டுமென்றால் இந்தச் சின்ன எண்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1974இலேயே ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆம்ப்ளிஃபயர் வாட் விளம்பரங்களுக்கு விதி போட்டது. 2024இல் அதை இன்னும் இறுக்கியது. நம் ஊர் விளம்பரங்களைப் படிக்கும்போது அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

சரி, எத்தனை வாட் வேண்டும்? ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 88 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் என்று அர்த்தம். பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் அது ஏறக்குறைய 80 ஆகக் குறையும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கும். ஆக, ஒரே ஒரு வாட்டிலேயே பேச்சை மிஞ்சிய சத்தம் வந்துவிடுகிறது. பத்து வாட் கொடுத்தால் 90, நூறு வாட் கொடுத்தால் 100. சத்தம் இரட்டிப்பானதாகக் காதுக்குப் பட, வாட் பத்து மடங்கு ஆக வேண்டும். 50 வாட்டிலிருந்து 100க்குப் போனால் கூடுவது வெறும் 3 டெசிபல். “இது 90, அது 105” என்று கடைக்காரர் சொல்லும் வித்தியாசம் ஒரு டெசிபலைக்கூடத் தொடாது. அதற்காக பத்தாயிரம் ரூபாய் கூடக் கொடுப்பது வீண்.

அப்படியென்றால் வாட்டே முக்கியமில்லையா? முக்கியம், ஆனால் வேறு இடத்தில். படத்திலும் பாட்டிலும் சத்தம் ஒரே சீராக வருவதில்லை. சராசரியாக ஒன்றிரண்டு வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தவிலில் ஒரு அடி விழும். அந்தக் கணத்துக்கு மட்டும் நூறு மடங்கு சக்தி தேவைப்படலாம். அதைக் கொடுக்க முடியாத ஆம்ப் அந்த அடியை நசுக்கிவிடும். கேட்பவருக்கு அது தவறாகப் படாது. பாட்டு ஏதோ களையில்லாமல் இருக்கிறது என்று மட்டும் தோன்றும். நம் நடுத்தர ஹாலுக்கு, 8 ஓம் ஸ்பீக்கருக்கு, முழு வீச்சில் அளந்த 80 முதல் 100 வாட் போதுமானது. 4 ஓம் ஸ்பீக்கர் வாங்குகிறீர்கள் என்றால் ரிசீவரின் கையேட்டில் 4 ஓம் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அவை இரண்டு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சின்ன ரிசீவர்கள் சூடாகி நின்றுவிடும்.

அடுத்து சேனல் கணக்கு. 5.1 என்றால் சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். 5.1.2 என்றால் கூடவே மேலே இரண்டு. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் டால்பி அட்மாஸ் 2012இல் வந்தது; அந்த ஆண்டு டிசம்பரிலேயே ‘சிவாஜி 3டி’ அட்மாஸ் ஒலியோடு நம் ஊரில் திரைக்கு வந்துவிட்டது. இப்போது பெரிய படங்கள் பலவும் ஓடிடியில் அட்மாஸோடுதான் வருகின்றன. அது நல்ல தொழில்நுட்பம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கான்கிரீட் தளத்தில் துளை போட்டு ஒயர் இழுக்க வீட்டில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? மேல்நோக்கி ஒலியை எறிந்து கூரையில் மோதித் திரும்ப வைக்கும் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் சமதளமான கூரை வேண்டும். நடுவில் ஃபேன் சுற்றுகிறது, ஓரத்தில் ஃபால்ஸ் சீலிங் படிபடியாக இறங்குகிறது என்றால் பலன் குறையும். ஃபேன் முழு வேகத்தில் ஓடும் ஹாலில், தலைக்கு மேல் தூறும் மழையின் மெல்லிய ஒலி காதுக்கு எட்டுவதே சிரமம். ஏழு சேனல் ரிசீவர் வாங்கி வையுங்கள்; பிற்பாடு வேண்டுமானால் மேலே இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்றைக்கே 9, 11 சேனல் பெட்டிக்குப் போவது, அந்தப் பணத்தை முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரிலிருந்து பிடுங்குவதாகும்.

படத்துக்கு உண்மையில் உயிர் சென்டர் ஸ்பீக்கர். வசனத்தில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. “சத்தம் இருக்கு, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல” என்ற புகாருக்கு விலை கூடிய ரிசீவர் மருந்தல்ல. நல்ல சென்டரை டிவிக்குக் கீழே காது பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தாலே பாதி தீரும்.

பாட்டுக்கு வருவோம். நம் பாட்டுகளில் மூன்று காலம் உண்டு. விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்துத் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை. ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று 1978இல் வந்த, இளையராஜா இசையமைத்த ‘பிரியா’வைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு இடது, வலது பிரிந்து வயலின் ஒரு பக்கமும் கிட்டார் ஒரு பக்கமுமாக வரத் தொடங்கின. இப்போது அட்மாஸிலேயே பாட்டுகள் வருகின்றன. ரிசீவரின் ரிமோட்டில் இருக்கும் ஒலி முறைகளை இதற்கேற்ப மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். மோனோ பாட்டை டால்பி சரவுண்ட் முறையில் போட்டால் மொத்தப் பாட்டும் சென்டர் ஸ்பீக்கருக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும். சென்டர் பெரும்பாலும் சின்னது. அதனால்தான் பழைய பாட்டு டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ வீட்டு விசேஷத்துக்குச் சரி. உட்கார்ந்து கேட்க ஏற்றதல்ல. வெறும் ‘ஸ்டீரியோ’வில் வையுங்கள். முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், பாடகர் நிற்பதுபோல் குரல் கேட்க வேண்டும். கேட்டால் அமைப்பு சரி.

‘டைரக்ட்’ அல்லது ‘ப்யூர் டைரக்ட்’ என்று ஒரு பொத்தானும் இருக்கும். பாட்டுக்கு அதுதான் உசத்தி என்று பலரும் சொல்வார்கள். பல ரிசீவர்களில் அதை அமுக்கியதும் அறைக்கான திருத்தம் நின்றுவிடும், சப்வூஃபரும் ஊமையாகிவிடும். பெரிய டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்குப் பரவாயில்லை. அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் என்றால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய், ரிசீவர்மேல் பழி விழும்.

அந்த அறைத் திருத்தம்தான் படத்துக்கும் பாட்டுக்கும் சேர்த்து நான் முதலில் பார்ப்பது. நம் வீடுகளின் தரை டைல்ஸ் அல்லது கிரானைட்; சுவர் செங்கல், சிமென்ட்; கம்பளம் கிடையாது. கை தட்டினால் ‘ணங்’ என்று திரும்பி வரும். போதாததற்கு ஒவ்வொரு அறைக்கும் தனக்கென்று சில சுருதிகள் உண்டு. 15 அடி நீள அறையில் 37 ஹெர்ட்ஸ் அருகிலும் 75 ஹெர்ட்ஸ் அருகிலும் வரும் தாழ்ந்த ஒலிகள் இரண்டு சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டு ஓர் இடத்தில் வீங்கும், இன்னோர் இடத்தில் வற்றிவிடும். சோபாவின் ஒரு மூலையில் ‘தம் தம்’ என்று நெஞ்சை இடிக்கும் பேஸ், அடுத்த மூலையில் இல்லாமல் போவது இதனால்தான். இதை வாட் தீர்க்காது. ரிசீவரோடு வரும் குட்டி மைக் ஓரளவு தீர்க்கும்.

ஒவ்வொரு நிறுவனமும் இந்தத் திருத்தத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி; யமஹாவில் ஒய்பாவோ; ஆன்கியோ, பயனீர், என்ஏடி ஆகியவற்றின் மேல்மட்ட மாடல்களில் டிராக் லைவ். ஆடிஸியிலேயே மல்ட்-இக்யூ, எக்ஸ்டி, எக்ஸ்டி32 என்று படிகள் இருக்கின்றன; மேலே போகப் போக, தாழ்ந்த ஒலிகளை நுணுக்கமாகத் திருத்தும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களில் எது என்று தடுமாறினால், கூடுதல் சேனலுக்காக அல்ல, மேம்பட்ட அறைத் திருத்தத்துக்காகப் பணம் கூடக் கொடுப்பது நியாயம்.

அறைத் திருத்தத்தைச் செய்யும் விதத்தில்தான் பலன் இருக்கிறது. ராத்திரி ஊர் அடங்கியபின் ஃபேன், ஏசி, முடிந்தால் ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிடுங்கள். மைக்கைக் கையில் பிடிக்கக் கூடாது, சோபாவின் முதுகில் சாய்த்தும் வைக்கக் கூடாது; கேமரா ஸ்டாண்டில் மாட்டி, உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் நிறுத்த வேண்டும். முதல் அளவு எப்போதும் நீங்கள் உட்காரும் இடத்தில். பிறகு அதைச் சுற்றி ஓரிரு அடிக்குள் நகர்த்தி நகர்த்தி மற்ற அளவுகள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ‘வூப் வூப்’ என்று சத்தம் வரும். அப்போது அறையில் யாரும் நடமாட வேண்டாம். முடிந்ததும் மெனுவுக்குள் போய் ஒன்றைப் பாருங்கள். டவர் ஸ்பீக்கரை ரிசீவர் ‘லார்ஜ்’ என்று குறித்துவைத்திருந்தால் ‘ஸ்மால்’ என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே உள்ள கனமான ஒலியைச் சப்வூஃபர் எடுத்துக்கொள்ளும். ரிசீவரின் சக்தி மிச்சமாகி குரலுக்குப் போகும். ஆடிஸியில் ‘டைனமிக் இக்யூ’ என்று ஒரு வசதி உண்டு. சத்தம் குறைத்துப் படம் பார்க்கும்போது பேஸ் வற்றாமல் அது காக்கும். திரைப்பாட்டுக்கு அதே அளவு அதிகம். ‘ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்’ என்பதை 10 அல்லது 15க்கு ஏற்றினால் அடங்கும். ஜன்னலுக்குக் கனமான திரையும் தரையில் ஒரு பெரிய ஜமக்காளமும் போட்டுவிட்டு அளந்தால் இன்னும் நல்லது. ரிசீவர் திருத்த முடியாத எதிரொலியை அவைதான் குடிக்கும்.

கேட்டுப் பார்க்க நான் சொல்லும் பரீட்சை மிருதங்கம். தனி ஆவர்த்தனம் உள்ள கச்சேரிப் பதிவு ஒன்றைப் போடுங்கள். வலந்தலையில் விரல் விழுவது கூர்மையாக, தனித்தனியாகக் கேட்க வேண்டும். தொப்பியில் உள்ளங்கை அழுத்தி எழுப்பும் கும்காரம் வளைந்து ஏற வேண்டும்; ‘தொம்’ என்ற ஒரே வீக்கமாக நிற்கக் கூடாது. சப்வூஃபரும் முன் ஸ்பீக்கரும் ஒன்றிடமிருந்து ஒன்று ஒலியை வாங்கிக்கொள்ளும் எல்லைக்குப் பக்கத்தில்தான் தொப்பியின் ஒலி இருக்கிறது. அங்கே இசைவில்லை என்றால் கனமான விரல் ஒரு மூலையிலிருந்தும் லேசான விரல் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்து, வாசிக்கும் மனிதர் இரண்டாகப் பிரிந்துவிடுவார். வெடிச் சத்தத்தில் இந்தக் குறை தெரியவே தெரியாது. பின்னணியில் தம்புரா தொடர்ந்து கேட்கிறதா, பாடகர் குரல் எழும்போது மங்கிப் போகிறதா என்பதையும் கவனியுங்கள்.

ரிசீவரின் பின்பக்கத்தில் ‘ப்ரீ-அவுட்’ துளைகள் முன் இரண்டு சேனலுக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கீழ்மட்ட மாடல்களில் பெரும்பாலும் சப்வூஃபருக்கு மட்டும்தான் இருக்கும். பாட்டில் ஆசை முற்றும்போது நல்ல ஸ்டீரியோ ஆம்ப் ஒன்றை வாங்கி, இந்தத் துளைகள் வழியாக ரிசீவரோடு இணைத்துவிடலாம். படத்துக்கு ரிசீவர் வழிநடத்தும். பாட்டுக்கு ஸ்டீரியோ ஆம்ப் தனியாகவே வேலை செய்யும். நீங்கள் கேட்பதில் முக்கால்வாசி பாட்டுதான் என்றால், ஐந்து ஸ்பீக்கரே வேண்டாம் என்று சொல்வேன். மராண்ட்ஸ் ஸ்டீரியோ 70எஸ், வீம் ஆம்ப் போல ஹெச்டிஎம்ஐ உள்ள இரண்டு சேனல் பெட்டிகள் இப்போது வருகின்றன. இரண்டு நல்ல ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைத்தால் படமும் நிறைவாகவே இருக்கும்.

ஹெச்டிஎம்ஐ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிவியின் ஆப்பில் படம் பார்ப்பவர்களுக்கு, டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஆர்க் போதும். ஓடிடி அட்மாஸ் அதன் வழியாகவே வரும். ப்ளூ-ரேயின் முழுத்தர ஒலி டிவி வழியாக வர வேண்டுமென்றால்தான் இ-ஆர்க். பிளேயரை ரிசீவரிலேயே செருகினால் அதுவும் வேண்டாம். ஆப்டிகல் ஒயரில் ஓடிடி அட்மாஸ் வராது. 4கே 120 ஹெர்ட்ஸ், 8கே என்பவை கேம் விளையாடுகிறவர்களுக்கு. டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்றிருப்பதை ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’வுக்கு மாற்ற மறக்காதீர்கள், இதை மாற்றாமல் “அட்மாஸ் வரவில்லை” என்று ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

நம் ஊரில் அசெம்பிள் செய்து தரும் 5.1 ஆம்ப்களுக்குப் பெரிய மரியாதை உண்டு, அது தகும். கைதேர்ந்தவர் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக் கட்டிய ஆம்ப், அதே விலைக்கு வரும் கம்பெனி செட்டைவிட உரக்கவும் உறுதியாகவும் பாடும். பழுதானால் கட்டியவரே சரிசெய்து கொடுப்பார். அதில் கிடைக்காதது அறைத் திருத்தம்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறார்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் விற்கும் ரிசீவர்கள் 120 வோல்ட்டுக்கானவை. இங்கே 230இல் நேராகச் செருகினால் போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். சிங்கப்பூர், இங்கிலாந்து மாடல்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கிருந்து வந்தாலும் அவற்றின் வாரண்டியை இந்தியாவில் எதிர்பார்க்க முடியாது. ரிசீவரில் அடிக்கடி கெடுவது ஹெச்டிஎம்ஐ போர்டு என்பதால் இங்கத்திய வாரண்டி பில் பணம் பெறும்.

வாங்கியபின் டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். 35 டிகிரி வரைதான் தாங்கும் என்று பல கையேடுகளில் இருக்கிறது. சித்திரை வெயிலில் நம் ஹாலே அதை எட்டிவிடும். மேலே ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் முதலில் கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு எர்த்திங்கில், ரிசீவரில் இல்லை.

12க்கு 15 அடி ஹால், படமும் பாட்டும் சரிபாதி என்பவருக்கு என் தீர்ப்பு இது: முழு வீச்சில் 80 வாட்டுக்குக் குறையாத, நல்ல அறைத் திருத்தமுள்ள ஏழு சேனல் ரிசீவர். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கு வேண்டாம். மீதியில் முன் ஸ்பீக்கர் இரண்டு, சென்டர், சப்வூஃபர் வாங்கி ஆரம்பியுங்கள்; பின் ஸ்பீக்கர்கள் அடுத்த போனஸுக்குக் காத்திருக்கலாம். கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான நாலு பாட்டை எடுத்துப் போங்கள். அவற்றை இரண்டே ஸ்பீக்கரில், ‘ஸ்டீரியோ’வில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.